கலும்பாவைத் திட்ட ஆளில்லாத இரண்டு வருஷம்

செத்து எட்டாம் நாள், காலை பத்து மணிக்கு, கலும்பா நீர்யானையாக வீடு திரும்பினான். நீர்யானைகள் வெயில் நேரத்தில் ஊருக்குள் வருவதில்லை என்பது தங்கனிக்கா ஏரியின் தென்கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பகலெல்லாம் ஆற்று முகத்துவாரத்தில் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் அவை புல் மேயக் கிளம்பும். இதுவோ மணலில் காயப்போட்டிருந்த பொடிமீனில் ஒன்றைக்கூட மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, லுபோகோ கிராமத்தின் ஒரே தெரு வழியாக நடந்து, கலும்பாவின் வீட்டு மாமரத்தடிக்குப் போய், ஒரு நீண்ட முனகலோடு படுத்தது. அந்த முனகலை ஊர் நாற்பத்தாறு வருஷமாகக் கேட்டிருந்தது. வலை இழுக்கக் கூப்பிட்டாலும் சரி, விறகு பிளக்கக் கூப்பிட்டாலும் சரி, கலும்பா முதலில் அப்படித்தான் முனகுவான், பிறகு படுப்பான். ஆனாலும் அவன் மனைவி கசூபா உடனே கவனிக்கவில்லை. மரவள்ளி மாவு சலித்துக்கொண்டிருந்தவள் பழக்கதோஷத்தில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "காலைக் கழுவிட்டு வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். நீர்யானை எழுந்து ஏரிக்குத் திரும்பிப் போனது, நாலு காலையும் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி அதே இடத்தில் படுத்தது. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்று பாதிரியார் ஒரு விளக்கம் சொன்னார், பக்கத்து வனவிலங்குப் பூங்காவிலிருந்து வந்த விலங்கு டாக்டர் ஒரு விளக்கம் சொன்னார். இரண்டும் சுத்தப் பிதற்றல். உண்மைக் காரணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிபாஷா தன் கடமையைச் செய்யவில்லை, அவ்வளவுதான். கலும்பா முதலைக் குலம். சிபாஷா மீன் குலம். முதலை மீனைத் தின்பதால் இந்த இரண்டு குலத்துக்கும் ஆதியிலிருந்தே கேலிப் பந்தம் உண்டு. முதலைக் குலத்தானை மீன் குலத்தான் எங்கே கண்டாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம், அவன் சட்டியிலிருந்து குழம்பை எடுத்துத் தின்னலாம், அவன் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொள்ளலாம். இவன் கோபிக்கக் கூடாது, பதிலுக்குத் திட்டலாம். இந்தப் பந்தத்தின் பெரிய வேலை சாவு வீட்டில்தான் இருக்கிறது. முதலைக் குலத்தில் ஒருவன் செத்தால் குழி தோண்டுவது மீன் குலத்தான். குழிக்குள் முதலில் படுத்து நீளம் பார்ப்பது அவன். செத்தவனின் சட்டையை மாட்டிக்கொண்டு அவனைப் போலவே நடந்து காட்டி, பெட்டியின் தலைமாட்டில் நின்று, அவனுடைய அத்தனை யோக்கியதையையும் ஊர் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி கிழித்துத் தொங்கப்போடுவதும் அவன்தான். அதைக் கேட்ட பிறகுதான் செத்தவனுக்குத் தான் செத்தது உறைக்கும், கிளம்பிப் போவான்.

சிபாஷாவைப் போலத் திட்டுவதற்குத் தென்கரை முழுக்க ஆள் கிடையாது. அவனும் கலும்பாவும் ஒரே படகில் முப்பது வருஷம் மீன் பிடித்தவர்கள். சரியாகச் சொன்னால் சிபாஷா மீன் பிடித்தான், கலும்பா படகில் இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை கலும்பா படகின் விளிம்பில் சாய்ந்து உட்கார, படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. "தள்ளி உக்காருடா தடியா. நீ தண்ணியில விழுந்தா ஏரி பயந்துபோய்க் கரையேறிடும்" என்றான் சிபாஷா. கலும்பாவுக்குச் சிரிப்பு வந்தது. ஏரி தன் மீன்களையெல்லாம் இடுக்கிக்கொண்டு, பாவாடையைத் தூக்கிப்பிடித்தபடி மலைமேல் ஏறி ஓடுவதை அவன் மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், மறுபடி சிரித்தான், சிரித்த வாய் மூடாமலே செத்துப்போனான். சிபாஷா கரை வந்து சேரும்வரை அவனைத் தூங்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். வழக்கமே அதுதானே.

தன் வாய்தான் அவனைக் கொன்றது என்று சிபாஷாவுக்கு மனசில் விழுந்துவிட்டது. அடக்கத்தன்று கலும்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு தலைமாட்டில் வந்து நின்றான். அந்தச் சட்டைக்குள் அவனைப் போல இரண்டு பேர் நிற்கலாம். ஊர் சிரிப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தது, வயசானவர்கள் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். சிபாஷா வாயைத் திறந்தான், அழுதான். அழுதாலும் தொலைந்து போகட்டும், புகழ ஆரம்பித்துவிட்டான். "உன்னை மாதிரி உழைப்பாளி உண்டாடா? ஒருத்தர் சோத்துல கை வச்சிருப்பியா? ஒரு பொய் சொல்லியிருப்பியா?" என்று தேம்பித் தேம்பிக் கேட்டான். ஊர் திகைத்துப் போயிற்று. பெட்டிக்குள் இருந்த கலும்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, வேறு யாரையோ புதைக்கிறார்கள் என்று முடிவு கட்டினான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த வர்ணனைக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

திரும்பி வந்தவன் நீர்யானையாக வந்ததுதான் அவன் அக்கா ம்வீலாவுக்குத் தாங்கவில்லை. ம்வீலாதான் முதலைக் குலத்தின் மூத்தவள், குலத்தில் ஒரு காரியம் அவள் தலையாட்டாமல் நடக்காது. முதலைக் குலத்தில் பிறந்துவிட்டு, வருவதுதான் வருகிறான், முதலையாக வரக்கூடாதா? மாமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "மானத்தை வாங்கிட்டியேடா! நாளைக்கு நான் ஆட்டுக் குலத்துக்காரி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று புலம்பினாள். முதலைகளும் இதை ரசிக்கவில்லை. கலும்பா ஏரிக்குள் இறங்கினால் அந்தத் துறையில் கிடக்கும் முதலைகள் ஒவ்வொன்றாக எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த துறைக்குப் போய்விடும். முகத்துவாரத்து நீர்யானைகள் அறுபது இருக்கும். அவையும் அவனை ஒன்றுவிட்ட ஏழைச் சொந்தக்காரனை நடத்துவது போலத்தான் நடத்தின. ஓரமாக இருந்துகொள் என்று இடம் விட்டன, பேச்சுக்கொடுக்கவில்லை. அதனால் அவன் பெரும்பாலும் வீட்டோடு இருந்தான்.

பூங்காக் காவலர் சிகாஸ்வே விதிப்புத்தகத்தோடு வந்தார். அவர் எதையும் புத்தகத்தில் பார்த்துத்தான் செய்வார், தும்மினால்கூட. ஊருக்குள் நுழைந்த விலங்கை விரட்டுவதற்கு, மிளகாய்த்தூளும் யானைச் சாணமும் கலந்து தட்டிய வரட்டியைக் கொளுத்த வேண்டும் என்று போட்டிருந்தது. கொளுத்தினார். கலும்பா ஒரே ஒரு தும்மல் போட்டான். வரட்டி அணைந்தது, கோழிக்கூண்டு பறந்தது, சிகாஸ்வேயின் தொப்பி இன்றுவரை கிடைக்கவில்லை. அதே வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண், குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்க, கசூபா மாமரத்தைக் கை காட்டினாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தொழில்?" என்று கேட்டாள். "எப்பவும் போலத்தான், ஒண்ணுமில்ல" என்றாள் கசூபா. மறுமாதம் பூங்காவின் வருடாந்திர நீர்யானைக் கணக்கெடுப்பு வந்தபோது சிகாஸ்வே அவனை அதிலும் சேர்த்தார். ஒரே ஆள் இரண்டு கணக்கிலும் இருக்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை.

ஏரியின் மறுபக்கத்து விடுதியிலிருந்து வெள்ளைக்காரர்கள் படகு போட்டுக்கொண்டு வந்து போட்டோ எடுத்தார்கள். அவர்கள் எங்கள் இடத்தைப் பார்த்து அழகு, அழகு என்று மாய்ந்துபோவார்கள். அழகுதான், யார் இல்லை என்றது? முப்பதடி ஆழத்தில் நீல மீன் மஞ்சள் மீனைத் துரத்துவது மேலிருந்தே தெரிகிற தண்ணீர். யாரோ சோம்பேறி அடுக்கிவிட்டுப் பாதியில் விட்டுப்போனது போல ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் பாறைகள், அவற்றின்மேல் வெயில் காயும், எங்கேயும் ஏறுகிற கட்டைக்காதுக் குழிமுயல்கள். மழை முடிந்த மாதங்களில் யானைகள் குட்டிகளோடு முனையைச் சுற்றி நீந்திப் போகும், தும்பிக்கைகள் மட்டும் வரிசையாகத் தண்ணீர்மேல் நகரும். மீன்கழுகு கத்தினால் மலை அதைத் திருப்பிக் கத்தும். ஆனால் அந்த யானைகள்தான் எங்கள் மரவள்ளியைப் பிடுங்குகின்றன, அந்தக் குழிமுயல்கள்தான் கூரைக்குள் மூத்திரம் பெய்கின்றன. அவற்றில் ஒன்றைத் தொட்டாலும் எங்களுக்கு ஜெயில். அழகு பார்க்க வருகிறவர்கள் அழகோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். கசூபா இரண்டு வருஷம் நடத்தினாள்.

அவள் கஷ்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வழக்கப்படி புருஷன் செத்தவளுக்கு அவன் குலத்தார் கையில் வெள்ளைப் பாசிமணி கட்டினால்தான் விடுதலை. அது இல்லாமல் அவள் தாய்வீட்டுக்குப் போக முடியாது, இன்னொருவனைக் கட்ட முடியாது, பயணப் படகில் அவளை ஏற்றவும் மாட்டார்கள். கசூபாவின் அக்கா ம்புலுங்கு துறைமுகத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். கால் வீங்கி நிற்க முடியாமல், நீ வந்து எடுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தாள். கசூபா மணி கேட்டுப் போகும்போதெல்லாம் ம்வீலா ஒரே பதிலைத்தான் சொன்னாள். "நல்லாயிருக்குடி நியாயம்! புருஷன் வாசல்ல குத்துக்கல்லாட்டம் படுத்திருக்கான், உனக்கு விதவை மணி வேணுமாக்கும்?" அந்தக் குத்துக்கல் அவள் மரவள்ளித் தோட்டத்தில் பாதியைத் தின்றது. கொடியில் காய்ந்த பாவாடைகளைத் தின்றது. அவள் விறகு தூக்கி வந்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வேறு ஊர்களிலிருந்து மீன் குலத்தார் இரண்டு பேரை அவள் வரவழைத்துத் திட்டிப் பார்க்கச் சொன்னாள். கலும்பா அவர்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிப் படுத்துவிட்டான். அவனுக்குத் தரம் தெரியும். முப்பது வருஷம் சிபாஷாவிடம் திட்டு வாங்கிய காது அது.

சிபாஷாவோ திட்டுவதையே விட்டுவிட்டான். எல்லோரையும் வாங்க, உட்காருங்க, நல்லா இருக்கீங்களா என்று கேட்க ஆரம்பித்தான். முதலைக் குலத்தார் அவனைக் கண்டு வேறு வழியாகப் போனார்கள். இரண்டு வருஷம் யாரும் சரியாகத் திட்டாததால் அவர்களில் பல பேருக்குச் சாப்பாடு செரிக்கவில்லை, ம்வீலாவுக்கு முழங்காலில் வாதம் வந்தது.

இரண்டாம் வருஷக் கடைசியில் பெரிய அதிகாரி ஒருவரின் ஜீப் லுபோகோ வழியாகப் போக வந்தது. கலும்பா அன்று வெயிலுக்காகத் தெருவின் குறுக்கே படுத்திருந்தான். அதிகாரி நாலு மணி நேரம் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடித்தபோதெல்லாம் கலும்பா பதில் கொடுத்தான், வாயால் அல்ல. அடுத்த வாரம் சிகாஸ்வே ஒரு காகிதத்தோடு கசூபாவிடம் வந்து நின்றார். ஒன்றாம் தேதி சுடச் சொல்லி உத்தரவு. மனுஷருக்கு மனசு கேட்கவில்லை, காகிதத்தை மடித்து மடித்துச் சுண்டுவிரல் அளவுக்கு ஆக்கிவிட்டார். கசூபா ம்வீலாவிடம் ஓடினாள். சுட்டுவிட்டால் என்ன ஆகும்? ம்வீலாவே ரொம்ப நேரம் யோசித்தாள். நீர்யானை செத்தால் செத்தது நீர்யானைதான், கலும்பா அல்ல. நீர்யானைக்குச் சாவுச் சடங்கு முதலைக் குலத்தில் கிடையாது, நீர்யானையின் விதவைக்கு மணியும் கிடையாது. "அப்புறம் ஆயுசுக்கும் நீ இப்படியே கெடக்க வேண்டியதுதான்டி" என்று சொன்னவள், முதல் தடவையாகக் கசூபாவின் தலையில் கை வைத்தாள். ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது.

கசூபா நேராக ஏரிக்கரைக்குப் போனாள். சிபாஷா வலை தைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க தங்கச்சி, உக்காருங்க" என்றான் மரியாதையாக.

"நான் உக்கார வரலை. எந்திரிச்சு வந்து அவரைத் திட்டுங்கண்ணே."

"என் வாய்தான் அவனைக் கொன்னுச்சு. மறுபடியும் திறக்கச் சொல்றியே."

"எங்கண்ணே கொன்னுச்சு? கொன்னிருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கறேன்? பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்க. அவரு நேத்து என் சர்ச் பாவாடையைத் தின்னுட்டு ஏப்பம் விடறாரு."

சிபாஷாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே வாயைப் பொத்திக்கொண்டான். கசூபா மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, எனக்கு அழணும். அவரு செத்தப்போ ஏழு நாளும் வந்தவங்களுக்குக் களி கிண்டியே போச்சு. எல்லாரும் போகட்டும், ஒன்பதாம் நாள் கதவைச் சாத்திக்கிட்டு அழுவோம்னு இருந்தேன். எட்டாம் நாளே வந்துட்டாரு. வாசல்ல படுத்திருக்கிற மனுசனுக்கு எப்படிண்ணே அழறது? எனக்கு நாப்பது ஆகப்போவுது. நான் அழுதுட்டு, அப்புறம் போய் நாலு பேருக்குச் சோறு போட்டுப் பொழைக்கணும். நீங்க அவருமேல வச்சிருக்கிற பாசத்துல நான் மாட்டிக்கிட்டேன்."

சிபாஷா தான் போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டான். கடைசியில், "அவன் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றான். தினமும் காலையில் அவன் மாமர வழியாகவே சுற்றிக்கொண்டு ஏரிக்குப் போவது ஊருக்கே தெரியும். நீர்யானையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துவிட்டுத்தான் போவான். கசூபாவுக்கு அழுகை வந்தது, ஆனால் அது வேறு அழுகை, ஆத்திரம். எழுந்து போய்விட்டாள்.

நாலாம் நாள், சனிக்கிழமை காலை, சிபாஷா கலும்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு மாமரத்தடிக்கு வந்தான். செய்தி பரவி ஊர் கூடிவிட்டது. மீன் காயப்போட்டவர்கள் மீனைப் பறவைகளுக்கு விட்டுவிட்டு வந்தார்கள், சிகாஸ்வே துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார், கேழ்வரகுக் கள் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்த கிழவர்கள் உறிஞ்சுகுழாயை வாயிலிருந்து எடுக்காமல் பானையோடு நகர்ந்து வந்தார்கள். சிபாஷா தொண்டையைச் செருமிக்கொண்டான். "உன் மூக்கு," என்றான், "உன் மூக்கு ரொம்பப் பெரிசா இருக்கு." ஊர் பெருமூச்சு விட்டது. கலும்பா கண்ணை மூடினான். சிபாஷா வியர்த்து நின்றான், இதோ மறுபடி புகழப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது ம்வீலா வாத முழங்காலோடு எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "ஏண்டா மீன்காரா! உங்க குலத்துக்கே முதுகெலும்புன்னு ஒண்ணு கெடையாதுடா, எல்லாம் முள்ளு! உங்கப்பன் வலையில மீனு மாட்டினதைவிட உங்கப்பனே மாட்டிக்கிட்டது அதிகம்! எங்க தம்பியைத் திட்ட வந்துட்டானாம், மூஞ்சியப் பாரு, காயப்போட மறந்த கெண்டையாட்டம்!"

அது போதுமானதாக இருந்தது. சிபாஷாவின் முதுகு நிமிர்ந்தது. ம்வீலாவுக்கு அவன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அதைச் சொல்லிவிட்டு அப்படியே மாமரத்தின் பக்கம் திரும்பினான், மூன்று மணி நேரம் நிறுத்தவில்லை. கலும்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவனை ஆற்றில் முக்கித் தூக்கிய பழைய பாதிரியார், இடுப்புப் பிடித்துக்கொண்டு சாகும்வரை குனிந்தே நடந்ததைச் சொன்னான். வலை இழுக்கும்போது வயிற்றுவலி வந்து, வலை கரை சேர்ந்ததும் வயிற்றுப்பசியாக மாறும் அதிசய நோயைச் சொன்னான். காட்டில் யானை துரத்தியபோது எல்லோரும் ஓட, இவன் ஓடச் சோம்பல்பட்டு நின்றதையும், யானை இவனைத் தன் சித்தப்பா பிள்ளை என்று நினைத்துத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனதையும் சொன்னான். பெண் கேட்கப் போன வீட்டில் சாப்பிட்ட இடத்திலேயே தூங்கி, மூன்று நாள் தங்கி, வந்த விஷயத்தைக் கேட்க மறந்துவிட்டுத் திரும்பியதைச் சொன்னபோது கசூபா முந்தியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். "முதலையாப் போடான்னு அனுப்பினா, அத்தனை பல்லையும் எவன் தேய்க்கறதுன்னு நீர்யானையா வந்து நிக்கறியேடா! நீர்யானைக்கே உன்னைக் கண்டா அசிங்கமா இருக்குடா!"

கலும்பா சிரித்தான். முதலில் காதுகள் ஆடின, பிறகு வயிறு, பிறகு வாய் முழுதாகத் திறந்து நீர்யானைச் சிரிப்பு வெளியே வந்தது. அதைக் கேட்டு முகத்துவாரத்தில் இருந்த அறுபதும் சிரித்தன, பாறைகளிலிருந்து குழிமுயல்கள் உருண்டன, ஏரியில் அலை அடித்தது. ஊர் தரையில் புரண்டது. சிகாஸ்வே அழுதபடி சிரித்துக்கொண்டே புத்தகத்தில் என்னவோ எழுதினார், பின்னால் அவராலேயே அதைப் படிக்க முடியவில்லை. சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் சிபாஷா நீர்யானையின் கிட்டே போனான். அடுத்ததைக் கேட்க எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"டேய், கலும்பா. நீ செத்துட்டடா. செவ்வாக்கிழமை, என் படகுல. நான்தான் உன்னைக் கரைக்கு இழுத்தேன், என்ன கனம்டா நீ. உன் குழியில நான்தான் மொதல்ல படுத்துப் பாத்தேன். ஈரமா இருந்துச்சு. இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்ல முடியலை. இப்பச் சொல்றேன். நீ செத்துட்ட. அவளை விடு. கெளம்புடா."

கலும்பா அவனை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு முனகிக்கொண்டு எழுந்தான். ஊர் விலகி வழி விட்டது. தெரு வழியாக நடந்து, மணல்வெளி வழியாக, இந்தத் தடவை ஏகப்பட்ட பொடிமீனை மிதித்துக்கொண்டு போய் ஏரியில் இறங்கினான். முகத்துவாரத்தில் இருந்தவை அவனை நடுவில் விட்டுக்கொண்டன. சிபாஷா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வலை தைக்கப் போனான். ம்வீலா அன்று சாயங்காலமே கசூபாவின் மணிக்கட்டில் வெள்ளைப் பாசிமணி கட்டினாள். முடிச்சுப் போடும்போது கிள்ளவும் செய்தாள், ஆனால் கட்டினாள். ஒன்றாம் தேதி சிகாஸ்வே வந்து வெறும் மாமரத்தைப் பார்த்துவிட்டு, சுடுவதற்கு ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை கசூபா இரண்டு மூட்டையோடு பயணப் படகில் ஏறினாள். படகு முனையைத் திரும்பியபோது முகத்துவாரத்து நீர்யானைகள் வெயிலில் கிடந்தன. அறுபத்தொரு தலைகள், எல்லாம் ஒரே மாதிரி. படகோட்டி எல்லாக் கதையும் கேள்விப்பட்டவர். மரியாதைக்காக என்ஜினை நிறுத்தினார். ஏதோ ஒரு தலை காதை ஆட்டிற்று.

"எதுக்கு நிறுத்தறீங்க?" என்றாள் கசூபா.

"இல்லம்மா, வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாமேன்னு..."

"அது நீர்யானைங்க. கிட்டப் போனா படகைக் கவுத்துடும். ஓட்டுங்க. என் வீட்டுக்காரர் செத்துட்டாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். படகில் இருந்த பெண்களில் ஒருத்திக்கும் அவளைத் தெரியாது, ஆனால் புருஷன் செத்தவளின் அழுகை எது என்று எல்லோருக்கும் தெரியும். கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவர்களும் சேர்ந்து அழுதார்கள். ம்புலுங்கு துறையில் அக்கா வந்து கையைப் பிடித்து இறக்குகிறவரை அவள் நிறுத்தவில்லை.